கருப்பி நாலு மாதமாகப் போகவில்லையா? படத்தை மாற்றுங்கள்

காப்பக நாய் கருப்பியை யாரும் தத்தெடுக்காததற்கு அவள் கருப்பு நிறத்தைக் குறை சொல்லும் முன், தத்தெடுப்புக்காக நீங்கள் போட்ட அந்தப் படத்தைத் தூக்கிவிடுங்கள். கூடப் பிறந்த செவலை பத்து நாளில் வீடு போய்விட்டான், கருப்பி மட்டும் காப்பகத்திலேயே கிடக்கிறாள் என்கிறீர்கள். படத்தில் கூண்டுக் கம்பியும் பின்னால் வெயிலும்தான் தெரிகின்றன. அவள் கண் எங்கே?

பின்னணி பளிச்சென்று இருந்தால் போன் கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்ளும். கருப்பு முகம் ஒரே திட்டாகிவிடும்.

1. கூண்டுக்கு வெளியே, காலை நிழலில், மங்கலான சுவர் முன் நிறுத்துங்கள். கழுத்தில் மஞ்சள் துணி கட்டலாம்.
2. அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். புருவம் தெரிய வேண்டும். புருவத்தின் உள்முனையை அடிக்கடி உயர்த்திய காப்பக நாய்கள் சீக்கிரம் வீடு சேர்ந்ததாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது.
3. படத்தை நகம் அளவுக்குச் சுருக்கி, அவளைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டுங்கள். கண்ணைத் தேடினால் மறுபடி எடுங்கள்.

கருப்பு என்பதாலேயே நாய் தேங்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வயதும் உடல் அளவும் அதைவிடப் பெரிய தடையாகலாம். (பைரவர் வாகனம் என்று கருப்பைத் தேடி வருவார்கள். பாதிப் பேர் தேய்பிறை அஷ்டமிக்கு பிஸ்கட் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.) படம் ஆளை வாசல்வரைதான் கொண்டுவரும். வந்தவரைக் கண்டு அவள் மூலையில் ஒடுங்கினால், முதலில் அந்தப் பயத்தைப் பாருங்கள்.