மடிப்பில் கோடு, மேலே சாம்பல்: ஐஷேடோ ஏன் நிற்பதில்லை?

கேள்வி: நான் மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. இமையில் எண்ணெய்ப் பசை அதிகம். ஐஷேடோ போட்ட அரை மணி நேரத்தில் மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது. மீதி இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம், அதிகாலை முகூர்த்தம். மயில்கழுத்து நிறப் பட்டு எடுத்திருக்கிறேன். அதே நிறத்தில் ஐஷேடோ வாங்கலாமா? எப்படிப் போட்டால் மதியம் வரை நிற்கும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கோடு விழுவது எண்ணெயால். சாம்பல் பூப்பது வெள்ளையால். புதுப் பேலட் (பல நிற ஐஷேடோ டப்பா) வாங்குவதற்கு முன்னால், அடியில் என்ன பூசுகிறீர்கள் என்று பாருங்கள்.

கண் சிமிட்டும்போதெல்லாம் இமை மடிந்து விரிகிறது. தோலில் ஊறும் எண்ணெய் பவுடரைக் குழைக்கிறது, மடிப்பு அதை ஓரிடத்தில் ஒதுக்கிச் சேர்க்கிறது. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் இமை வரை தடவிய ஈரத்தோடு ஐஷேடோ போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஐஷேடோ பிடித்து நிற்க அடியில் பூசும் பிரைமருக்குப் பதிலாக, கருமையை மறைக்கும் கன்சீலரை அப்புகிறவர்களுக்கும் இதே கதிதான். க்ரீம் கன்சீலர் முழுசாகக் காயாது. ஐஷேடோவுக்கு முன்னால் அதுவே மடிந்துவிடும்.

ஆகவே முதலில் டிஷ்யூவால் இமையை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஐ பிரைமர் ஓர் அரிசி அளவு எடுத்தால் இரண்டு கண்ணுக்கும் போதும். மோதிர விரலால் இமை விளிம்பிலிருந்து புருவத்துக்குச் சற்றுக் கீழ் வரை தட்டித் தட்டிப் பரப்புங்கள். பிறகு ஒரு நிமிடம் கீழே பார்த்தபடி இருங்கள். ஈரமாக இருக்கும்போதே நிமிர்ந்து மேலே பார்த்தால் முதல் கோடு அப்போதே விழுந்துவிடும். காய்ந்ததும் உங்கள் தோல் நிறத்தில், மினுமினுப்பில்லாத ஒரு மேட் ஷேடோவை மெல்லியதாகத் தூவிக்கொள்ளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிசுபிசுப்பான பிரைமர் மேல் நேராக அடர் நிறம் வைத்தால் தொட்ட இடத்திலேயே திட்டாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் கலையாது.

இனி சாம்பல். வெளிர் நிற ஷேடோக்களில் டால்க், டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெள்ளைப் பொருட்கள் கூடுதலாக இருக்கும். சிவந்த தோலில் அது தெரியாது. கறுத்த தோலில் விபூதி பூசியது போல் எடுத்துக் காட்டும். தோலைவிட வெளுத்த கன்சீலரை அடியில் பூசினாலும் அப்படியே. இமை இயல்பிலேயே கருத்திருந்தால் வெளுப்பாக்கப் பார்க்காதீர்கள். கருமையைச் சரிக்கட்டும் ஆரஞ்சு நிற கரெக்டரைத் துளியளவு தட்டி, அதன்மேல் பிரைமர் போடுங்கள். கடையில் வாங்கும்போது விரலில் ஒருமுறை தொட்டு முன்கையின் உள்பக்கம் ஒரே இழுப்பாக இழுங்கள். லேசாகத் தட்டிவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். நிறத்துக்கு முன்னால் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதை வாங்காமல் வைத்துவிடலாம்.

மயில்கழுத்துப் புடவைக்கு மயில்கழுத்து இமை வேண்டாம். இமை முழுக்க நீலப் பச்சை பூசினால் கண் பின்னுக்குப் போய், நிறம் மட்டும்தான் தெரியும். ஜரிகையோடு சேர்கிற செம்பு அல்லது வெண்கல நிறத்தில் மினுமினுக்கும் ஷிம்மரை இமையில் வைத்து, மயில் நிறத்தைக் கீழிமையில் ஒரு கோடாக மட்டும் காட்டுங்கள். இவற்றோடு தோலைவிட ஓரிரு படி அடர்ந்த செம்பழுப்பு மேட் ஒன்று, கரும்பழுப்பு மேட் ஒன்று. அடியில் தூவும் தோல் நிற மேட் தவிர, மொத்தம் 4 நிறம். 18 நிறப் பேலட்டில் பாதிக்கு மேல் தொடப்படாமலே காலாவதியாகும்.

ஃபவுண்டேஷனுக்கு முன்னால் கண்ணை முடித்துவிடுங்கள். அடர் நிறத் தூள் கன்னத்தில் உதிரும். அப்போதுதான் சுத்தமாகத் துடைக்க முடியும். புசுபுசுவென்ற பிரஷ்ஷை அதன் வால் பக்கம் பிடித்து, செம்பழுப்பில் ஒருமுறை தொட்டு, விளிம்பில் தட்டி, மடிப்பின் மேல் கார் வைப்பர் போல இடமும் வலமும் ஓட்டுங்கள். கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியில் பாருங்கள். போட்ட நிறம் காணாமல் போயிருந்தால் உங்களுக்கு மூடிய இமை, அதாவது மேல் தோல் இறங்கி மடிப்பை மறைக்கும் இமை. மடிப்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே ஏற்றிப் போட வேண்டும். அடுத்து கரும்பழுப்பைக் கடைக்கண் பக்கத்தில், இமையின் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் வையுங்கள். கல்யாண வீடியோ விளக்கு நிறத்தை உறிஞ்சிவிடும் என்பதால், கண்ணாடியில் போதும் என்று தோன்றுவதற்கு மேல் இன்னும் ஒரு தொடுகை சேர்க்கலாம். ஓரங்களைக் கலைக்கும்போது பிரஷ்ஷில் நிறம் இருக்கக் கூடாது. கலையவில்லையே என்று மேலும் மேலும் நிறம் சேர்ப்பதால்தான் கண் அடிபட்டது போல ஆகிறது.

ஷிம்மருக்கு விரலே சிறந்த பிரஷ். இமை நடுவில் அழுத்தி வைத்து எடுங்கள், இழுக்காதீர்கள். இன்னும் பளிச்சென்று வேண்டுமானால் தட்டை பிரஷ்ஷில் ஷிம்மரை எடுத்த பிறகு அதில் ஒரு பீச்சு தண்ணீர் தெளியுங்கள். பேலட்டிலேயே தண்ணீர் விட்டால் மேற்பரப்பு இறுகி நிறமே வராது. ஏற்கெனவே இறுகியிருந்தால் செலோடேப்பை ஒட்டி உரித்தால் அந்த ஓடு வந்துவிடும்.

கீழிமையில் மயில் நிறத்தை மெல்லிய பிரஷ்ஷால் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கடைக்கண்ணிலிருந்து முக்கால் தூரம் வரை இழுங்கள். மூக்கோரத்தை விட்டுவிடுங்கள். ஹோமப் புகையில் கண்ணீர் முதலில் அங்கேதான் வழியும். காஜலும் வாட்டர்ப்ரூஃப் ஆக இருக்கட்டும். கண் கலங்கினால் டிஷ்யூவை மடித்து அதன் முனையால் ஒற்றுங்கள். கைக்குட்டையால் ஒரு துடைப்பு போதும், அத்தனையும் போகும்.

கைவேலைக்கான கிளிட்டர் கண் பக்கமே வரக் கூடாது; அதன் கூர்மையான துகள் கருவிழியைக் கீறிவிடும். லென்ஸ் போடுபவர் என்றால் மேக்கப்புக்கு முன் போட்டு, மேக்கப்பைக் கலைப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள். கல்யாண வீட்டில் அத்தை மகள், சித்தி மகள் என்று எல்லாருக்கும் ஒரே பிரஷ் சுற்றும். உங்கள் பிரஷ்ஷை ஒளித்து வையுங்கள், மெட்ராஸ் ஐ வந்தால் முறையெல்லாம் பார்க்காது.

கல்யாணத்துக்கு 2 வாரம் முன்பே ஒருநாள் அதிகாலையில் முழுசாகப் போட்டு, சமையலறை வெக்கையில் மதியம் வரை இருந்து பாருங்கள். கோடு விழுந்தால் பிரைமர் அதிகமாகியிருக்கும். அரிசி அளவை அரை அரிசியாக்குங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கவும் அப்போது நாள் இருக்கும்.