ஒரே பாட்டு நாலு தடவ எதுக்கு சார்?

எலக்ட்ரானிக், மெட்டல் (கிட்டார் உறுமற ராக்), வீடியோ கேம் மியூசிக்னு மூணையும் ஒரே ஃபோல்டர்ல சேத்து வச்சிருக்கேன், அதுல டூம்ங்கற துப்பாக்கி கேமோட முதல் லெவல் பாட்டு மட்டும் நாலு இருக்குன்னு போன இதழ்ல சும்மா ஒரு வரி எழுதினேன். அதுக்கே இவ்ளோ கேள்வி.

கேள்வி: மூணும் மூணு திசையாச்சே சார், ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாதே? (ஈரோடு வாசகர்)

பதில்: ஆகாதுன்னு தான் நானும் ரொம்ப நாள் தனித்தனியா வச்சிருந்தேன், அப்புறம் 2016ல வந்த புது டூம் கேமோட மியூசிக்க எந்த ஃபோல்டர்ல போடறதுன்னு தெரியாம முழிச்சு கடைசில மூணையும் ஒண்ணாக்கிட்டேன். அதுக்கு மியூசிக் போட்ட மிக் கார்டன்கிட்ட கேம் பண்ணவங்க மொதல்ல கிட்டாரே வேணாம்னு சொல்லிட்டாங்க. மனுஷன் என்ன பண்ணார்னா, வெறும் சைன் வேவையும் (மெஷின்ல வர்ற ஒத்தை ‘ஊ’ சத்தம்) இரைச்சலையும் வரிசையா மாட்டின, சத்தத்த உருமாத்தற எஃபெக்ட் பெடலுக்குள்ள தள்ளி, அந்தப் பக்கம் உறுமலா வர்றத ரெக்கார்ட் பண்ணார். போகப்போக கிட்டாரும் மெல்ல உள்ள நுழைஞ்சிடுச்சு, அது வேற கதை. இப்ப இது எலக்ட்ரானிக்கா மெட்டலா, நீங்களே சொல்லுங்க. அதுல சைபர்டீமன்னு ஒரு டிராக் இருக்கு, அத ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது சத்தத்த படமா வரைஞ்சு காட்டறதுல போட்டுப் பாருங்க, அஞ்சு முனை நட்சத்திரமும் சாத்தானோட நம்பர்னு சொல்ற 666ம் படமாவே தெரியும். சத்தத்துக்குள்ள கோலம் போட்டிருக்கார்!

கேள்வி: 1993 டூமோட முதல் லெவல் பாட்டு மட்டும் நாலு இருக்குன்னீங்க. டூப்ளிகேட்ட அழிச்சா இடம் மிச்சமாகுமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஐயோ, அழிக்கவே அழிக்காதீங்க. அந்த கேமுக்குள்ள பாட்டு ரெக்கார்டிங்கா இல்லவே இல்ல, எந்த சுரம் எப்ப எவ்ளோ நேரம்ங்கற குறிப்பு மட்டும் தான் இருக்கு, வாசிக்கறது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற சவுண்ட் கார்டு. அதே நோட்டேஷன நாதஸ்வர வித்வான் வாசிக்கறதுக்கும் திருவிழாக் கடைல வாங்குன பொம்மை கீபோர்டுல தட்டறதுக்கும் வித்தியாசம் இல்லையா? சவுண்ட் பிளாஸ்டர்ங்கற கார்டுல கேட்டா கிட்டார் தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்கும், ரோலண்ட் எஸ்சி-55ங்கற மியூசிக் பெட்டில அதே குறிப்ப விட்டா டிரம்ஸ் டிரம்ஸா கேக்கும். மூணாவது சூப்பர் நின்டெண்டோங்கற டிவி கேம் பெட்டியோட வெர்ஷன், மொத்தமே 64 கேபி ஆடியோ மெமரிக்குள்ள எல்லா வாத்தியத்தையும் அடக்கினது. நாலாவது மிக் கார்டன் 2016ல மறுபடி பண்ணது. அதனால ஃபைல் பேர்ல பாட்டுப் பேரோட எந்த மெஷின்ல வாசிச்சதுன்னும் போட்டு வைங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு உங்களுக்கே புரியாது.

இன்னொண்ணு. நம்ம வீடுங்கள்ல இருந்த டிவி கேம் பெட்டி முக்காவாசி நின்டெண்டோ ஃபேமிகாமோட காப்பி தான், அதுல ஒரே நேரத்துல மொத்தம் 5 சத்தம் தான் வரும், ஒவ்வொண்ணும் ஒரு சேனல், நீங்க ஒரு தடவ குதிச்சா அந்த டொய்ங் சத்தம் பாட்டுகிட்ட இருந்து ஒரு சேனலப் பிடுங்கிக்கும். ஆக சின்ன வயசுல நமக்கு மனப்பாடமான ட்யூன்லயே அங்கங்க ஓட்டை! இப்ப ஹெட்ஃபோன்ல ஓட்டை இல்லாம முழுசா கேக்கறப்ப எனக்கென்னவோ தப்பா வாசிக்கற மாதிரியே இருக்கு.

கேள்வி: வீட்ல திட்ட மாட்டாங்களா? (கடலூர் வாசகி)

பதில்: அந்த ஹெட்ஃபோன வாங்கிக் குடுத்ததே அவங்க தான்.

கேள்வி: பழைய கேம் சிடி ஒரு பெட்டி நெறைய இருக்கு, டிரைவே இல்ல, தூக்கிப் போட்டுடட்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்க, உள்ள குவேக் இருக்கான்னு பாருங்க. 1996ல வந்தது, அதுக்கு மியூசிக் நைன் இன்ச் நெயில்ஸ்ங்கற அமெரிக்க பேண்ட். அந்த சிடில முதல் டிராக் தான் கேம், ரெண்டாவதுல இருந்து எல்லாம் சாதா ஆடியோ சிடி, வீட்டு சிடி பிளேயர்ல போட்டாலே பாடும். அந்த மாதிரி கேம் இன்னும் நெறைய இருக்கு. யாருகிட்டயாவது யூஎஸ்பில மாட்டற சிடி டிரைவ் கடன் வாங்கி எல்லாத்தையும் ஃபிளாக்ல (தரம் குறையாம சுருக்கற ஃபைல் வகை) எடுத்துருங்க, சிடில இருந்தது அப்படியே வரும், சைஸும் ஏறக்குறைய பாதி தான். நான் செஞ்ச வேலைய மட்டும் செய்யாதீங்க. ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்லன்னு எல்லாத்தையும் 128 கேபிபிஎஸ் எம்பி3யா ரொம்ப சுருக்கி அடிச்சிட்டு சிடிய பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன், இன்னிக்கு அதுல டிரம்ஸ்ல சிம்பல் தட்டு அடிக்கற எடமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கு. உங்க பெட்டில குவேக் இருந்தா சொல்லுங்க, டிரைவ் நானே கொண்டு வர்றேன்.