மீட்டர்ல 420, மருமவன் சொன்னது 30 டிகிரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க அக்கா மவன் ஜெர்மனியில வேலை பாக்கான், லீவு நாள்ல கைரோபிளேன் (தலைக்கு மேல ரோட்டார்னு பெரிய விசிறி சுத்துற சின்ன விமானம்) ஓட்டப் படிக்கான். போன வாரம் வீடியோ கால்ல வந்து, நேரா போகும்போ ரோட்டார் மீட்டர் நிமிசத்துக்கு 340 சுத்துல நின்னுச்சு, சாய்ச்சுத் திருப்பினதும் 420க்கு ஏறிட்டு, எஞ்சின் வேகத்தக் கூட்டுற திராட்டில தொடவே இல்லைன்னான். எவ்வளவுல சாய்ச்சேன்னு அக்கா கேட்டா "சும்மா ஒரு 30 டிகிரி"ங்கான். அக்காவுக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கம் இல்ல. மெஷின்ல கோளாறா இருக்குமோ?
வாசகர், தக்கலை

பதில்: மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, மருமவன் சொன்ன கணக்குலதான் கோளாறு, அதுக்குப் பொறவு வாரேன். மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும், கைரோல மேல சுத்துற ரோட்டாருக்கும் எஞ்சினுக்கும் பறக்கும்போ தொடர்பே கெடையாது. எஞ்சின் பின்னால இருக்க புரொப்பெல்லர மட்டும் சுத்தி வண்டிய முன்னால தள்ளும். ரோட்டார் கொஞ்சம் பின்னால சாஞ்சு நிக்கும், முன்னால இருந்து வாற காத்து அடியில புகுந்து மேல போவும், அந்தக் காத்துலதான் அது சுத்துகு. சின்னப்பிள்ளையில பனையோலைய கிழிச்சு முள்ளுல குத்தி காத்தாடி செஞ்சுட்டு ஓடுவோம்லா, வேகமா ஓடினா வேகமா சுத்தும், நின்னா நிக்கும், அதே சங்கதிதான்.

இப்ப திருப்பத்துக்கு வருவோம். தூக்குவாளியில தண்ணிய வச்சு சுத்தினா கை கனக்கும் பாத்தியளா, அதுமாதிரி சாய்ச்சுத் திருப்பும்போ வண்டி எடை கூடினமாதிரி ஆவும். உயரம் குறையாம 60 டிகிரி சாய்ச்சா எடை சரியா ரெண்டு மடங்கு. அந்த எடையத் தூக்க ரோட்டார் காத்த இன்னும் நேரா வாங்கணும், அடியில இருந்து மேல போற காத்து கூடும், கூடினதும் தானா வேகம் எடுக்கும், எடைக்குச் சரியான இடம் வந்ததும் அங்கேயே நின்னுரும். எடை எத்தன மடங்கோ அதோட வர்க்கமூலம்தான் வேகம் கூடுற அளவு. ரெண்டு மடங்கு எடைன்னா வேகம் 1.41 மடங்கு, 340 போயி 480 ஆவும். 45 டிகிரின்னா 404. பின்சீட்டுல ஆள் ஏறினாலும் இதே கணக்குதான், நேரா போகும்போதே மீட்டர் கொஞ்சம் கூட நிக்கும்.

30 டிகிரிக்கு எவ்வளவுங்கியளா? வெறும் 365. 420 காட்டணும்னா எடை ஒண்ணரை மடங்குக்கு மேல போயிருக்கணும், அதுக்கு 49 டிகிரி சாய்க்கணும். இல்லைன்னா 30 டிகிரியில வச்சு, வண்டிய ஓட்டுற பிடி இருக்குல்லா, அந்த ஸ்டிக்க தேவைக்கு மேல இழுத்துப் பிடிச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு அவன்கிட்டயே கேளுங்க. அக்காகிட்ட இந்தப் பக்கத்தக் காட்ட வேண்டாம்.

கேள்வி: தானா கூடி தானா நிக்கும்னா அப்பொறம் மீட்டர்ல சிவப்புக் கோடு எதுக்கு? எங்க முப்பந்தல் காத்தாலையில காத்து செகண்டுக்கு 25 மீட்டர் தாண்டினா பிளேட தானா திருப்பி நிப்பாட்டிரும், கைரோல அப்படி ஒண்ணும் கெடையாதா?
காத்தாலை மெயின்டனன்ஸ் ஊழியர், ஆரல்வாய்மொழி

பதில்: கெடையாது தம்பி. இப்ப ஓடுற சின்ன கைரோல பிளேடு கோணம் ஃபிக்ஸ்டு, பறக்கும்போ மாத்த முடியாது. ரோட்டார் பிரேக்குன்னு ஒண்ணு உண்டு, அது தரையில நிப்பாட்ட மட்டும். பறக்கும்போ பைலட் கையில இருக்கது எடைதான், திருப்பத்த எவ்வளவு இறுக்குகானோ அவ்வளவு ஆர்பிஎம், அதான் நிமிசத்துக்கு எத்தன சுத்துங்குறது.

சிவப்புக் கோடு எதுக்குன்னா, நெறைய பேரு பிளேடு நுனி சத்தத்தோட வேகத்தத் தாண்டிரும், அதுக்குத்தான்னு நெனைக்காவ. கணக்குப் போட்டுப் பாருங்க, 8.4 மீட்டர் ரோட்டார் 340ல சுத்தினா நுனி மணிக்கு 540 கிலோமீட்டர் கிட்ட, 480ல 760, வண்டி வேகம் 110அ சேத்தாலும் 870, நம்ம வெயிலுக்கு சத்தம் 1,250ல போவும். தூரம் கெடக்கு. உண்மையான சங்கதி பிளேட வெளிய இழுக்குற விசை. ஒரு பிளேடு 15 கிலோன்னு வச்சுக்கிடுவோம், 340லயே அது பிளேடு மாட்டுற நடு ஹப்ப 4 டன் விசையில இழுக்கும், ஒரு கொம்பன் யானை தொங்குற மாதிரி. 480ல 8 டன், ரெண்டு கொம்பன். வேகம் 1.41 மடங்குதான், விசை ரெண்டு மடங்கு ஆயிருது. அத்தனையும் தாங்குறது சில போல்ட்டும் பிளேடு வேர்ல இருக்க ஓட்டையுந்தான். 75 டிகிரி சாய்ச்சு உயரம் குறையாம பிடிக்க முடிஞ்சா கணக்குப்படி 668 வருகு, ஆனா எடை நாலு மடங்கு கிட்ட ஆயிருக்கும், எஞ்சினுக்கு அந்த இழுவையத் தள்ளத் தெம்பு இருக்காது, உயரந்தான் போவும். அதனாலதான் பல மேனுவல்ல சாய்வ 60 டிகிரியோட நிப்பாட்டி வச்சிருக்காவ. சிவப்புக் கோட்டத் தாண்டினா இறங்கினதும் மேனுவல் சொல்லுகபடி ஹப்பையும் பிளேடையும் செக் பண்ணாம அடுத்து எழும்பக் கூடாது, "ஒண்ணும் ஆகலையே"ன்னு துடைச்சு வைக்கிற பழக்கம் நம்மாளுகளுக்கு உண்டு, பைக்குல சரி, இதுல ஆவாது.

ஆனா கேட்டுக்கிடுங்க, வேகம் கூடுறத விட ஆயிரம் மடங்கு மோசம் வேகம் குறையுறது. இறுக்கமா திருப்பிட்டு வெளிய வரும்போ சில பயலுவ ஸ்டிக்க சடார்னு முன்னால தள்ளுவானுவ. அந்த நேரம் எடை போயிரும், ராட்டினம் மேல இருந்து இறங்கும்போ வயித்துல கூசும்லா, அந்த ஃபீலிங். எடை இல்லைன்னா ரோட்டாருக்கு அடியில இருந்து காத்து இல்ல, ஓலைக் காத்தாடிய வச்சுட்டு நின்னாச்சு. ரெண்டு மூணு செகண்டுல ஆர்பிஎம் சரசரன்னு இறங்கும், பின்னால எஞ்சின் தள்ளிக்கிட்டே இருக்கதால வண்டி மூக்கக் குத்தி கவிழவும் செய்யும். குறைஞ்ச ஆர்பிஎம்ல மறுபடி எடை வந்தா பின்னோக்கிப் போற பிளேடுக்கு காத்து போதாம அடிச்சு ஆடும், வாலுலயோ புரொப்பெல்லர்லயோ பட்டா கதை முடிஞ்சது. சீட்டுல லேசா ஆவுகோம்னு தோணின உடனே திராட்டில குறைச்சு ஸ்டிக்க மெதுவா பின்னால கொண்டு வரணும். மருமவனுக்கு நான் சொல்லுகது இது ஒண்ணுதான், 420அ பாத்து பயப்படாத, வெளிய வரும்போ உன் கையப் பாத்துப் பயப்படு.

கேள்வி: ஹெலிகாப்டர்லயும் இப்படித்தான் கூடுமா சார்? கைரோ ஸ்டால் ஆகாதுன்னு சொல்லுகாங்களே அது உண்மையா?
கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: ஹெலிகாப்டர்ல எஞ்சின்தான் ரோட்டார சுத்துகு, கவர்னர்னு ஒரு கருவி ஆர்பிஎம்ம கிட்டத்தட்ட ஒரே இடத்துல பிடிச்சு வச்சிரும். நான் ஹெலிகாப்டர் மெக்கானிக்கா இருந்த காலத்துல பைலட்டுங்க எஞ்சினக் குறைச்சு, கைரோ மாதிரி காத்துலயே ரோட்டார சுத்தவிட்டு இறங்குற ஆட்டோரொட்டேஷன் பழகும்போ பாத்திருக்கேன், அப்ப இறுக்கித் திருப்பினா அதுலயும் ஆர்பிஎம் ஏறத்தான் செய்யும், ஆனா அவங்களுக்கு கலெக்டிவ்னு ஒரு லீவர் உண்டு, லேசா தூக்கி பிளேடு கோணத்தக் கூட்டினா அடங்கிரும்.

ஸ்டால்னா வேகம் குறைஞ்சு றெக்கைக்குத் தூக்குற சக்தி போயிர்றது, அந்தக் கதை கொஞ்சம் சோகம். ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வா செஞ்ச மூணு எஞ்சின் விமானம் 1919ல தரைக்குப் பக்கத்துல ஸ்டால் ஆகி விழுந்தது, வேகம் குறைஞ்சாலும் விழாத ஒண்ணு வேணும்னு உக்காந்து யோசிச்சதுதான் ஆட்டோஜைரோ, அதான் இந்தக் கைரோவுக்குப் பழைய பேரு, 1923ல பறந்துச்சு. ஆமா, அது சாதாரண விமானம் மாதிரி ஸ்டால் ஆகாது, வேகம் போனா மெதுவா இறங்கும். மெதுவான்னாலும் தரையில மோதுற அளவுக்கு வேகம் இருக்கும், தாழ்ந்த உயரத்துல இறுக்கித் திருப்பி வேகத்தத் தொலைச்சா தப்பிக்க இடம் இருக்காது. அந்த மனுசன் 1936ல லண்டன் குரோய்டன்ல விழுந்த பயணிகள் விமானத்துல இறந்து போனார், அது ஆட்டோஜைரோ இல்ல.

கேள்வி: ஒரு கைரோ வாங்கி கன்னியாகுமரியில டூரிஸ்டுகளுக்கு சூரிய உதயம் காட்டலாம்னு ஐடியா. எப்படி?
வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்ம மாவட்டத்துல ஏர்போர்ட்டே கெடையாது, பக்கத்துல இருக்கது திருவனந்தபுரம். விமானத் துறைய கவனிக்குற டிஜிசிஏ அனுமதி, லைசென்ஸ் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாயில அடிக்குற காத்தும் காத்தாலைக்குப் பின்னால கலங்கிப் போற காத்தும் இருக்குல்லா, அதுல ஒருக்கா மாட்டினா டூரிஸ்ட் வாந்தி எடுக்குறத நீங்கதான் துடைக்கணும். இப்போதைக்கு வட்டக்கோட்டைக்கு ஒரு வேன் விடுங்க, லோனும் சீக்கிரம் அடைஞ்சிரும்.