பழைய பொம்மை ரோபோவை நாமே புரோகிராம் செய்து ஓட்ட முடியுமா?

தாராளமாக முடியும். மோட்டார், பல்சக்கரம், பேட்டரிப் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத்தான். அதன் இடத்தில் ஆர்டுயினோ வைக்கலாம், நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய சின்ன போர்டு அது.

மோட்டார் ஒயரை நேராக ஆர்டுயினோவில் செருகிவிடாதீர்கள். ஆர்டுயினோவின் ஊனோ ஆர்3 மாடலில் ஒரு பின் (ஒயர் செருகும் முனை) தாங்குவது அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர் கரண்ட். சக்கரம் சிக்கி நின்றால் மோட்டார் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால் நடுவில் ஒரு மோட்டார் டிரைவர் வேண்டும், ஆர்டுயினோ சொல்கிறபடி பேட்டரி கரண்டை மோட்டாருக்குக் கொடுக்கும் சின்ன போர்டு அது. பலரும் சொல்வது எல்298என். அது ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும், அப்புறம் 3 வோல்ட் பொம்மை மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? என்னைக் கேட்டால் டிஆர்வி8833 தான். 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும்.

ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரி கொடுங்கள், ஆனால் இரண்டு பக்கத்து கிரவுண்டையும் (மைனஸ் ஒயரையும்) இணைத்தே ஆகவேண்டும். ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஓட்ட ஹெச்சி-05 புளூடூத் போதும். ஐபோனுக்கு அது சரிவராது.