சின்ன நாட்டின் கோல்காரர்

கேள்வி: எஸ்தோனியா போன்ற சிறிய நாட்டிலிருந்து வெளிநாட்டுக் கழகங்களில் பெயர் பெற்ற முன்கள வீரர் எவரேனும் உண்டா? எங்கள் ஊர் உதைபந்தாட்டப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன். – வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: உண்டு. 1977இல் தலைநகர் தாலினில் பிறந்த அந்திரெஸ் ஓப்பர், உள்ளூர் ஃபுளோரா கழகத்தில் ஆடிய பின், 1999இல் டென்மார்க்கின் ஓல்போர்க் கழகத்தில் இணைந்து, அங்கிருந்து மொஸ்கோவின் டோர்பீடோ, நெதர்லாந்தின் ரோடா, சீனாவின் ஷங்காய் ஷென்ஹுவா எனப் பல கழகங்களுக்கு ஆடியவர். வன்னியின் மக்கள்தொகையைப்போல் இருமடங்குக்கும் மேலான, ஏறத்தாழ 13 இலட்சம் பேரைக் கொண்ட தம் நாட்டுக்காக 134 ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்தார். எஸ்தோனிய வீரர்களில் அதுவே உச்சம். அந்த எண்ணிக்கையைக் குறைவென்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. பலம் வாய்ந்த எதிரணிகளே பெரும்பாலும் பந்தை வைத்திருக்கும் ஆட்டங்களில், ஓரிரு வாய்ப்புகளுக்காகவே ஒரு முன்கள வீரர் தொண்ணூறு நிமிடமும் ஓடவேண்டியிருக்கும். பின்னாளில் அவர் தேசிய அணியின் துணைப் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.