கோயில் வரியும் வீட்டுச் செலவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த வருடம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வரி. வீட்டில் நான் ஒருத்திதான் மலைக்கு வேலைக்குப் போகிறேன். மகன் உயர்தரம் படிக்கிறான், டியூஷனுக்கு ஹட்டன் போகவேண்டும். வரி கட்டாவிட்டால் சாமி எங்கள் லயத்து வாசலில் நிற்காது என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, பொகவந்தலாவை

டியூஷனை நிறுத்தாதீர்கள். போன பாடம் திரும்ப வராது, வரியைப் பேசித் தவணையாக்கலாம்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவதே கோளாறு. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 சதவீதம் கழிந்தால் கையில் 1,242 ரூபாய். அந்தக் கணக்கில் 8,000 ரூபாய் என்பது உங்களுக்கு ஆறரை நாள் கூலி. மூன்று பேர் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) இருக்கும் வீட்டில் ஆளுக்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல். இதே தொகையை வேறு விதமாகவும் சேர்க்கலாம். 120 குடும்பம் தலா 8,000 கட்டினால் 9 இலட்சத்து 60 ஆயிரம். அந்த வீடுகளில் வேலைக்குப் போகிறவர்கள் 200 பேர் என்றால் பேருக்கு 4,800 போதும். பென்சன் எடுத்தவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒன்றும் வராது, விருப்பமான காணிக்கை போடட்டும்.

இதை எப்போது சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். காப்புக் கட்டும் வாரத்தில் சொன்னால் வரி கொடுக்க மனமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செலவுக் கணக்குப் போடும் முதல் கூட்டத்திலேயே, உங்களைப் போன்ற இன்னும் நாலைந்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். இந்த வருடம் அது கைகூடாவிட்டால் மாதம் 800 வீதம் பத்துத் தவணை கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். சம்பளத்தில் பிடிக்கலாம் என்றால் தொகை, எத்தனை மாதம், எந்த மாதத்தோடு முடியும் என்று மூன்றும் எழுதிய தாளில் மட்டும் கையெழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் திருவிழா முடிந்தபிறகும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

சாமியை ஒரு வாசலில் நிறுத்தாமல் கொண்டுபோகும் உரிமை எந்தக் கமிட்டிக்கும் கிடையாது. இதைக் கோயில் தலைவரிடம் மரியாதையாக, ஆனால் நேராகவே கேளுங்கள்.

மகளுக்குச் சுகமானால் 300 பேருக்கு அன்னதானம் போடுவதாக நேர்ந்துகொண்டேன். சுகமாகிவிட்டது. கையில் பணமில்லை. தாலிக்கொடியை அடகு வைக்கலாமா?
— வாசகி, தலவாக்கலை

வேண்டாம். அடகு வைத்த நகைக்கு மாதா மாதம் வட்டி ஏறும், கடைசியில் அது மகளின் பாலிலும் முட்டையிலும்தான் கழியும். நேர்த்தியைச் செய்யாமல் விடவும் தேவையில்லை. கோயிலில் ஏற்கெனவே அன்னதானம் நடக்கும் நாளில் பங்கு உபயமாகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வருடம் அரிசி, அடுத்த வருடம் பருப்பும் மரக்கறியும் என்று நேர்த்தியைப் பிரித்துச் செய்வது நம் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். அர்ச்சனையின்போது ஐயரிடம் சொல்லி மகள் பெயருக்குச் சங்கல்பம் செய்துகொள்ளலாம்.

முழுதாகவே செய்வதென்றால் அளவு தெரிந்து செய்யுங்கள். பயத்தில் அள்ளிப்போட்டு மிஞ்சிப்போவதில்தான் பாதிக் காசு வீணாகிறது. சிறுவர்களும் சேர்ந்த 300 பேருக்கு அரிசி 33 முதல் 35 கிலோ, சாம்பாருக்கு மைசூர் பருப்பு 8 கிலோ, சாம்பாருக்கும் ஒரு கூட்டுக்குமாக மரக்கறி 28 கிலோ போதும். பாயாசம் ஆளுக்கு ஒரு சிறிய கப் என்றால் சவ்வரிசி 3 கிலோ, சீனி 5 கிலோ. கரட், கோவா, பீட்ரூட் எல்லாம் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிறவை. கடைக்குப் போகுமுன் விளைவிப்பவரிடமே கேட்டுப் பாருங்கள்.

35 கிலோ அரிசியையும் ஒரே கிடாரத்தில் போடாதீர்கள். அடி பிடிக்கும், மேல் அரிசி வேகாது. 12 கிலோ வீதம் மூன்று முறை வடியுங்கள். முதல் பந்தி உட்காரும்போது மூன்றாவது கிடாரம் அடுப்பில் இருக்கவேண்டும். வடித்த சோற்றை மலைபோலக் குவித்தால் நடுவில் சூடு தேங்கிப் புளித்துவிடும், வெள்ளைத் துணியில் பரப்பி வையுங்கள். உயரமான இடங்களில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்தாலும் சூடு குறைவுதான். மைசூர் பருப்பு எப்படியும் கரைந்துவிடும். சுண்டலுக்குக் கொண்டைக்கடலை போடுவதானால் முதல் நாள் மாலையே ஊறவைத்துவிடுங்கள். காலையில் ஊறப்போட்டால் பூசை முடிந்தும் பல்லில் கடிபடும்.

கம்பளையில் சிறிய கடை வைத்திருக்கிறேன். என் தம்பி கடனில் தவிக்கிறான், தாயையும் நானே பார்க்கிறேன். இந்த இரண்டையும் ஸகாத்தில் (முஸ்லிம்களுக்குக் கடமையான கொடையில்) சேர்க்கலாமா?

தம்பிக்குக் கொடுக்கலாம். அடைக்க வழியில்லாத கடனாளி ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் ஒருவர், சகோதரன் என்பது அதற்குத் தடையல்ல. தாய்க்குச் செய்வதைச் சேர்க்க முடியாது. பெற்றோர், மனைவி, பிள்ளைகளைப் பராமரிப்பது ஏற்கெனவே உங்கள் கடமை.

கணக்கு இப்படி: சந்திர வருடம் பூர்த்தியாகும் நாளில் விற்பனைச் சரக்கை அன்றைய விலைக்கு மதிப்பிடுங்கள். இறாக்கை, குளிர்சாதனப் பெட்டி, தராசு வேண்டாம். சரக்கு 60 இலட்சம், ரொக்கம் 10, திரும்பி வரும் என்று உறுதியான கடன் 5 என்றால் மொத்தம் 75 இலட்சம். அது அன்றைய விலையில் 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டினால் இரண்டரை சதவீதம், அதாவது 1 இலட்சத்து 87 ஆயிரத்து 500. மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய 15 இலட்சத்தைக் கழிக்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே (இஸ்லாமியச் சட்ட மரபுகளிடையே) கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து கழிக்கக் கூடாது என்பது. கழித்தால் தொகை 1 இலட்சத்து 50 ஆயிரமாகும். இந்த ஒன்றை மட்டும் உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தம்பிக்குரிய பங்கை அவருக்குக் கடன் கொடுத்தவரிடம், தம்பியின் சம்மதத்தோடு, நேரே செலுத்திவிட்டால் காசு வேறு வழியில் போகாது.

சபைக்குத் தசமபாகம் கொடுத்தால் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்குக் காசு குறைகிறது. விசுவாசக் குறைவா?
— பண்டாரவளை

இல்லை. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தவிர்த்தவர்களை இயேசுவே கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் பாருங்கள். முதலில் மாத்திரையை வாங்குங்கள், மீதியில் மனப்பூர்வமாகக் கொடுங்கள். அரச வைத்தியசாலையின் மாதாந்த கிளினிக்கில் அம்மாவைப் பதிந்துவிட்டால் பிரஷர் மாத்திரை இலவசம். அதற்குப் பிறகு தசமபாகம் கொடுப்பதும் கஷ்டமாக இருக்காது.

அப்பா 25 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறார். சேமலாப நிதிப் பணம் வரப்போகிறது என்று தெரிந்து கோபுர வேலைக்கு ஒரு இலட்சம் கேட்கிறார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.
— வாசகர், மஸ்கெலியா

பணம் கைக்கு வருமுன் வாக்குக் கொடுத்ததுதான் சிக்கல். அப்பாவுக்கு வரவேண்டியது மூன்று: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை. மூன்றும் வந்த பிறகே கோபுரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பலர் மறந்துவிடுவது பணிக்கொடையை. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் 1,350 என்றால் வருடத்துக்கு 18,900, 25 வருடத்துக்கு 4 இலட்சத்து 72 ஆயிரத்து 500. வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்கவேண்டும், தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். கொடுக்காவிட்டால் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

சேமலாப நிதி இழுபடுவது பெரும்பாலும் பெயரால். செக்ரோலில் "ராமையா", அடையாள அட்டையில் "இராமய்யா", பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. விண்ணப்பிக்குமுன் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், சிங்கள, ஆங்கில எழுத்திலும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று தோட்டக் காரியாலயத்திடம் கடிதமும், ஒரு சத்தியக் கடதாசியும் இப்போதே எடுத்து வையுங்கள்.

மூன்றும் வந்ததும் முதலில் நகை அடகையும் கடனையும் தீருங்கள், பிறகு ஒரு வருடத்து வீட்டுச் செலவை அப்பா பெயரில் நிலையான வைப்பில் போடுங்கள். அதற்குப்பின் அவர் மனம் விரும்பியதைக் கொடுக்கட்டும். 25 வருடம் உழைத்த மனிதருக்குத் தன் குலதெய்வத்துக்கு ஒரு செங்கல் வைக்க ஆசை இருக்கும், அதைப் பிள்ளைகள் தடுக்கக் கூடாது. ஒரு இலட்சமா பத்தாயிரமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

மரணாதார சங்கத்துக்கு நான் பொருளாளர். சொந்தக்காரர்கள் சங்கப் பணத்தில் கைமாற்றுக் கேட்கிறார்கள். மறுத்தால் பகை.
— வாசகி, பூண்டுலோயா

கொடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய பகை வரும். சவம் வீட்டில் கிடக்கும்போது பெட்டிக்குக் காசில்லை என்று நீங்கள் சொல்லவேண்டியிருக்கும்.

நீங்கள் மறுப்பதை விடச் சங்கத்தின் விதியே மறுக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டாலே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்குத் திறந்து, கடன் கொடுப்பதில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரே குடும்பத்தார் இருவர் கையெழுத்துக்காரராக இருக்கக் கூடாது. வெள்ளி இரவு மரணம் நேர்ந்தால் திங்கள் வரை வங்கி இல்லை. அதனால் ஒரு மரணத்துக்குரிய உதவித்தொகை மட்டும் வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். சம்பள வாரத்து ஞாயிறில் சந்தாப் புத்தகத்தை எல்லோர் முன்னும் சத்தமாக வாசியுங்கள். யார் பாக்கி, கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் கைமாற்றுக் கேட்டு வருவது தானாகக் குறையும்.

கருமாதிக்குக் கூடுதலாகக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். சங்கத்தின் கடமை அடக்கத்தோடு முடிகிறது. 16ஆம் நாள் விருந்தை அந்தக் குடும்பம் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளட்டும், வசதியில்லாத வீட்டில் தேநீரோடு முடித்தாலும் யாரும் குறை பேசுவதில்லை என்று அதே கூட்டத்தில் பேசி எழுதி வையுங்கள்.