அமெரிக்க ராணுவக் கோட்டைக்குள் வியாபாரிகள் எப்படிக் கடை போட்டார்கள்?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்கு எல்லையில் இருந்த கோட்டை நிலம் ராணுவத்துடையது. அனுமதி இல்லாமல் அங்கே ஒரு பொட்டலம் புகையிலைகூட விற்க முடியாது. வயோமிங்கின் லாராமி கோட்டையில் 1849இல் பச்சைச் செங்கல்லில் கட்டிய வியாபாரியின் கடை இன்றும் நிற்கிறது. சிப்பாய், வண்டிகட்டிப் போகும் குடியேறி, பழங்குடியினர் எல்லோருக்கும் கடை அதுதான்.

1870இல் வந்த சட்டம் வியாபாரியை நியமிக்கும் உரிமையைப் போர்த்துறை அமைச்சர் கையில் கொடுத்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. இன்றைய ஓக்லஹோமாவில் உள்ள ‘சில்’ (Fort Sill) என்ற கோட்டையில் உரிமத்தைத் தக்கவைக்க, ஏற்கெனவே கடை வைத்திருந்த எவன்ஸ் என்பவர் மார்ஷ் என்ற இடைத்தரகருக்கு ஆண்டுக்கு 12,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். அதில் பாதி அமைச்சர் பெல்க்னாப்பின் வீட்டுக்குப் போனது. எவன்ஸ் அந்தப் பணத்தைத் தன் பையிலிருந்தா கொடுப்பார்? சரக்கு விலையில் ஏற்றினார். மாதம் 13 டாலர் சம்பளம் வாங்கிய சிப்பாய்தான் அதைச் சுமந்தார். பக்கத்தில் வேறு கடையும் கிடையாது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

1876 மார்ச்சில் விஷயம் வெளியே வந்ததும் பெல்க்னாப் பதவி விலகினார். பிரதிநிதிகள் சபை அன்றே அவர்மீது குற்றம் சாட்டியது. ஆனால் செனட்டில் அவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காததால் ஆகஸ்டில் தப்பிவிட்டார்.